சம்பந்தி ஏகாம்பரமும் ஒரு நீல ஃபியூஸும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கைப்பேசியில் சம்பந்தியின் பெயர் வந்தால், அது மீன் விஷயமாகத்தான் இருக்கும். "சம்பந்தியம்மா, சங்கரா சோக்கா வந்துகீது, வாங்கியாரட்டா?" என்று எடுத்த எடுப்பிலேயே கத்துவார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தால்தான் காது பிழைக்கும். போன ஞாயிறும் அப்படித் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் எடுத்தேன். சத்தமே இல்லை. பிறகு மாப்பிள்ளை மோகனின் குரல் மெதுவாக வந்தது. "அத்தே, அப்பா தவறிட்டாரு. டீ குடிச்சுகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு."

கையிலிருந்த வெங்காயத்தை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

தண்டையார்பேட்டை ஏகாம்பரம் அவர்கள் என் மகள் கவிதாவின் மாமனார். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வேன் வைத்திருந்தார். அடக்கமான மனிதர் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அதில் பாதி தப்பாகத் தெரியும். ரசத்துக்கு வெங்காயம் தாளிக்கச் சொல்லி என்னிடமே பாடம் நடத்தியவர் அவர்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது, ஏழெட்டு வருடங்களுக்கு முன், கவிதாவைப் பெண் பார்க்கத் திருவொற்றியூருக்கு வந்தபோது. அதற்கு முன் வந்த ஒரு வரன், பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி கத்தியது என்று பாதிக் காபியோடு எழுந்து போயிருந்தது. அதிலிருந்து யார் வந்தாலும் முதல் நாளே ஒட்டடைக்கோலை எடுத்துக்கொண்டு பல்லி விரட்டுவதுதான் என் வேலை. அன்று பல்லி கத்தவில்லை. எல்லோரையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த கவிதாகூட அடுப்படிக்கு வந்து, "இவரு ஓகேம்மா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மிச்சமிருந்தது ஒருவருடைய சம்மதம் மட்டுமே. ஏகாம்பரம் அவர்களின் அக்கா பாப்பம்மா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் தலையாட்டாமல் எதுவும் நடக்காது. எங்கள் வீட்டில் கேசரியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே தவிர, வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கிளம்பினார்கள். தாம்பூலத் தட்டோடு வாசலுக்குப் போனேன். வேனின் டேஷ்போர்டில் முருகர் படம், அதற்கு முன்னால் சிவப்பாக ஒரு குட்டி விளக்கு. ரேடியோ வயரிலிருந்து சம்பந்தியே இழுத்துப் போட்ட விளக்காம், சாவியைத் திருப்பினால் எரியும். சம்பந்தி சாவியைத் திருப்பி வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்ததால் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. பாப்பம்மா அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "சாமிக்கு ஒரு வத்தி ஏத்திட்டுக் கெளம்புவோம்" என்று பையைத் துழாவி, எதையோ எடுத்து முருகருக்குக் கீழே வைத்தார். நான் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினேன். அந்த நொடியில் சாமி விளக்கு அணைந்தது.

பாப்பம்மா அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "தட்ட வாங்கறப்போ வெளக்கு அணயுதேடா ஏகாம்பரம். எனக்கு இது நல்லதாப் படல."

பல்லியை விரட்டிவிட்டேன், விளக்கை என்ன செய்ய முடியும்? என் கணவர் வானத்தைப் பார்த்தார். உள்ளே கதவு இடுக்கில் கவிதா நிற்பது தெரிந்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். "இரு யக்கா, எதெது சேந்து போச்சுன்னு மொதல்ல பாப்போம்." ஹாரனை அடித்தார், தெருவே திரும்பிப் பார்த்தது. ஹெட்லைட் எரிந்தது. ரேடியோவைத் திருகினார், பேச்சில்லை. வேனுக்குள் தலைக்கு மேலிருந்த விளக்கைத் தட்டினார், எரியவில்லை.

"யக்கா, சாமிக்குக் கோவம் வந்துச்சு, வெளக்க நிறுத்திச்சு, சரி. ரேடியோவ எதுக்கு நிறுத்துது? எஃப்எம்ல அதுக்கு இன்னா பேஜாரு? மூணும் ஒண்ணாப் போயிருந்தா மூணுக்கும் ஒரே ஃபியூஸு. அவ்ளோதான் மேட்டரு."

தெரு சிரித்தது. பாப்பம்மா அக்கா சிரிக்கவில்லை.

சாவியை உருவிவிட்டு, முழங்காலுக்கு அருகிலிருந்த சின்ன மூடியைக் கழற்றினார். மூடியின் உட்புறத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் போட்டிருந்தது. நீல நிறத்தில் ஒன்றைப் பிடுங்கித் தெரு விளக்குக்கு நேராகப் பிடித்தார். உள்ளே இருந்த மெல்லிய கம்பி நடுவில் அறுந்திருந்தது. அதைக் கோயில் பிரசாதம் மாதிரி எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன். என் மகளின் கல்யாணம் அந்தத் துளியூண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, வேறு ஃபியூஸ்? அதுதான் இல்லை. வேனில் ஸ்டெப்னி, ஜாக்கி, மூன்று குடை, ஒரு கிரிக்கெட் மட்டை எல்லாம் இருந்தன. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் யோசனை சொன்னார். "நைனா, சிகரெட்டுப் பாக்கெட்ல கீற வெள்ளிக் காயிதத்தச் சுத்திச் சொருவு. வண்டி சும்மா பறக்கும்."

"பறக்கும் மாமு, பொகயாப் பறக்கும்" என்றார் சம்பந்தி. "வண்டி எரியக்கூடாதுன்னுதான் அது தன்னை அறுத்துகினு போயிருக்குது. அதும் எடத்துல காயிதத்த வெக்கச் சொல்றியே. மழ இல்லாத நாள்ல வைப்பருக்கு இன்னா வேல? அதோடத எடுத்து இதுக்குப் போட்டாப் போச்சு. ரெண்டும் ஒரே அளவு, ஒரே கலரு. ஆனா இது ஏன் போச்சுன்னு பாக்காம போட்டா, அதும் போயிடும்."

சொல்லிக்கொண்டே டேஷ்போர்டைத் தடவினார். முருகர் படத்துக்குக் கீழே, சிகரெட் பற்ற வைக்கவும் செல்போன் சார்ஜ் போடவும் ஒரு குழி இருக்குமே, அங்கே அவர் கை நின்றது. ஜன்னலோரம் தட்டோடு நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது. கரண்டு வரும் அந்தக் குழிக்குள் ஒரு பித்தளை ஊதுபத்தி ஸ்டாண்டு கச்சிதமாகச் செருகியிருந்தது; ஃபியூஸ் போனது அதனால்தான். சாமிக்கு முன்னால் ஒரு குழி இருந்தால் அது வேறு எதற்கு இருக்கும் என்று பாப்பம்மா அக்கா நினைத்துவிட்டார்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். இருமுவது போல இருமி, ஸ்டாண்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வைப்பர் ஃபியூஸைப் பிடுங்கி இங்கே செருகிச் சாவியைத் திருப்பினார். சாமி விளக்கும், மேல் விளக்கும், ரேடியோவில் ஒரு குத்துப்பாட்டும் ஒன்றாக வந்தன.

"வண்டி கிழடாயிடுச்சுக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றார். அக்காவைத் தெருவில் வைத்துக் கேலிப்பொருளாக்க அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவு வாய் உள்ள மனிதர் அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பாப்பம்மா அக்கா சற்று நேரம் விளக்கையே பார்த்துவிட்டு, தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து கிளம்பியபோது கொட்டோ கொட்டென்று மழை. வைப்பர் அசையவில்லை. எடுத்த ஃபியூஸை அவர் திருப்பிப் போடவே இல்லை! மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, பட்டு அங்கவஸ்திரத்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தண்டையார்பேட்டை வரை போனார். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தீபாவளித் தட்டிலும் இனிப்புக்கு நடுவில் ஒரு ஃபியூஸ் பாக்கெட் இருக்கும். எங்களுக்குச் சைக்கிள்கூடக் கிடையாது என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேரன் பிறந்த வருடம் கவிதா வாடிப்போனாள். சாப்பாடு இறங்கவில்லை, எனக்குப் போன் செய்வதில்லை, மோகனிடம் பேச்சில்லை. திருஷ்டி என்றார்கள், சத்துக் குறைவு என்றார்கள். ஒருநாள் சம்பந்தி அவள் எதிரில் உட்கார்ந்து, "எதெது சேந்து போச்சும்மா? எப்பத்திலேருந்து?" என்று கேட்டாராம். பதில் வரும்வரை எழுந்திருக்கவில்லையாம். எல்லாமே அவள் வேலையை விட்டதிலிருந்துதான். மறுவாரமே அவள் வேலைக்குப் போனாள். குழந்தைக்குத் தொட்டில் ஆட்டியது மாமனார்தான். அவர் பாடிய தாலாட்டுக்குக் குழந்தை தூங்கியதா, பயந்து கண்ணை மூடிக்கொண்டதா என்பது வேறு விஷயம். என் மகள் மறுபடி சிரித்தாள். அதற்காக அவரை நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். ரசத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

போன ஞாயிறு கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவர் இருந்த கூடம் அமைதியாக இருந்தது. மதியம் சட்டென்று தலைமாட்டு விளக்கு, மின்விசிறி, பெட்டி எல்லாம் ஒன்றாக நின்றன. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். "என்னமோ சொல்ல வராருபோல" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

சுவரோரம் சுருண்டு கிடந்த பாப்பம்மா அக்கா தலையை நிமிர்த்தினார். "இன்னாத்துக்கு மூஞ்ச மூஞ்ச பாத்துகினு கீறீங்க? பக்கத்து வூட்ல கரண்ட் கீதா பாரு. அடுப்படி வெளக்கு எரியுதா பாரு. எதெது சேந்து போச்சுன்னு பாருடா மோகன்!"

பக்கத்து வீட்டில் இருந்தது. அடுப்படியிலும் எரிந்தது. கூடத்து ஃபியூஸ் மட்டும்தான். மோகன் போட்டுவிட்டு வந்தார், விளக்கு வந்தது. பாப்பம்மா அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, காதோரம் சொன்னார்.

"இந்த தபா நான் எதையும் சொருவலம்மா."

அவர் பக்கம் திரும்பினேன். "அவன் வத்தி ஸ்டாண்ட உருவிப் பையில போட்டுகினத அன்னிக்கே பாத்துட்டேன். எனக்காவத்தான் போட்டுகினான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில், அவர் தலைமாட்டில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். எந்த இடத்தில் அது அழுகையானது என்று தெரியவில்லை.

பால் தெளித்த அன்று மாலை மோகன் என்னை வீட்டில் விட வேனை எடுத்தார். பாப்பம்மா அக்காவும் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பியதும் சாமி விளக்கு எரிந்தது. கூடவே ரேடியோ, அவர் வைத்துவிட்டுப் போன அதே காதைப் பிளக்கும் சத்தத்தில். மோகன் பதறி அணைக்கப் போனார். பாப்பம்மா அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"வுடுடா. பாடட்டும்."

திருவொற்றியூர் வரை பாடிக்கொண்டே வந்தது. போய் வாருங்கள், சம்பந்தி. இங்கே எல்லா விளக்கும் எரிகிறது.