பிஷப்புக்குக் கை வைத்தவர்

வாயில் ஐந்தாறு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கணவரோடு சண்டை போடுகிறார் எங்கள் தெருத் தையல்கார அக்கா. "கை வச்சாச்சுல்ல? நகர்த்துங்க! தொட்டுட்டு அப்புறம் யோசிக்கிற கதையெல்லாம் இங்க நடக்காது." ஓர் ஊசிகூடக் கீழே விழாமல் எப்படித்தான் பேசுகிறாரோ! துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் சதுரங்கப் பலகை. எதிரே கணவர், லிஃப்ட் மெக்கானிக், மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்.

"சரிடி, மந்திரியை எடுத்துத் தொலைக்கிறேன்."

"மந்திரி இல்ல, பிஷப்."

"கோணலாப் போறவன் மந்திரியாத்தான் இருப்பான். பிஷப்புன்னா நேராப் போக வேண்டாமா?"

பக்கத்தில் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும் நாத்தனார் சிரித்தபடியே கையை நீட்டுகிறார். அவர் கேட்காமலேயே வாயிலிருந்து ஓர் ஊசி அந்தக் கைக்குப் போகிறது.

தெரு முழுக்க இவருக்குப் 'பிஷப் அக்கா' என்றுதான் பெயர். சமயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோளில் அடங்கி, கீழே வரவர உப்பி, மணிக்கட்டில் சுருங்கிப் பட்டையோடு முடியும் கைக்குத் தையல்காரர்கள் பிஷப் கை என்பார்கள். அக்காவுக்கு அதில் பைத்தியம். யார் எந்தத் துணியோடு வந்தாலும், "பிஷப் கை வச்சுடவா?" என்பார். நைட்டிக்கே வைத்துக் கொடுத்திருக்கிறார் என்றால் பாருங்களேன். என் சட்டைக்கும் வைக்கப் பார்த்தார், நல்லவேளை தப்பித்தேன். "ஒல்லிக் கையும் நல்லாத் தெரியும், குண்டுக் கையும் நல்லாத் தெரியும், தழும்பு இருந்தா மறைஞ்சுடும். யாரையும் காட்டிக் கொடுக்காத கை தம்பி!"

இந்தக் கைப் பைத்தியமெல்லாம் அவர் மழையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொள்வதற்கு முன்பு. எலும்பு கூடிவிட்டது, தைக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். முதல் நாளே கத்தரிக்கோல் கோணலாகப் போய், ஒரு மணப்பெண்ணின் உடுப்பில் கை பாழானது. அன்றோடு சரி, அக்கா துணியைத் தொடுவதில்லை. தைப்பது நாத்தனார், பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வது அக்கா. நாத்தனாருக்கு அந்த உப்பல் கை பிடிபடவில்லை. கடையில் இப்போது எல்லாருக்கும் அரைக்கைதான். பிஷப் கை கேட்டு வருகிறவர்களை அக்காவே வேறு கடைக்கு அனுப்புகிறார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். வாயில் ஊசி மட்டும் எதற்காம்?

அந்தச் சதுரங்கச் சண்டையை நான் பார்த்தது போன வாரம், பட்டன் வைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போயிருந்தபோது. அப்போதுதான் நிஜ பிஷப்பே வந்துவிட்டார். பக்கத்துத் தெருப் பெண்மணி, கல்லூரிக் காலத்திலிருந்து இங்கேதான் தைக்கிறார், திருச்சபையில் பிஷப்பாகப் புதிதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கையில் வெள்ளைத் துணிப் பொட்டலம். அங்கி தைக்க வேண்டும், பிஷப் கை வைத்து.

"அசல் பிஷப்புக்கே பிஷப் கையா!" என்று நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் இப்ப தைக்கிறதில்லம்மா. சும்மா உக்காந்து மேற்பார்வை பார்க்கிறேன்."

"பிஷப்புங்கிற வார்த்தைக்கே மேற்பார்வை பார்க்கிறவங்கன்னுதான் அர்த்தம், தெரியுமாக்கா?"

"அப்படியா? அப்ப கை உடைஞ்சப்புறம்தான் நான் அசல் பிஷப் ஆயிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கெட்டுப்போயிடும்மா. உங்களுக்கு எவ்வளவு பெரிய நாள்! என்னால அதைக் கெடுக்க முடியாது. வேற யாருகிட்டயாவது கொடுங்க."

வந்தவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை சபைப் பெரியவங்க எல்லாரும் என் தலையில கை வைப்பாங்க. அப்பதான் நான் பிஷப். அதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை. இவ்வளவு பேரை நான் எப்படிப் பார்த்துக்கப் போறேன்? நீங்க வச்ச கைன்னா, அதைப் போட்டுக்கிட்டு எப்படியாவது நின்னுடுவேன். அவங்க என் தலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க இதுக்குக் கை வைங்களேன்."

நாத்தனார் மிஷினை நிறுத்தினார். அக்கா பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிரித்தார். நல்ல பருத்தி. மடிப்பைத் தடவித் தடவி நீவிவிட்டார். நீவியது வலது கை என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

எதிரே கணவர் தொண்டையைச் செருமினார். "கை வச்சாச்சுல்ல?" என்றார். "தொட்டுட்டு அப்புறம் யோசிக்கிற கதையெல்லாம் இங்க நடக்காதுடி."

அக்கா அவரை ஒரு முறை முறைத்தார். சதுரங்கப் பலகையை ஒதுக்கிவிட்டு, துணியை மேசை முழுக்க விரித்து, வாயிலிருந்து ஓர் ஊசியை எடுத்தார். நாத்தனார் வழக்கம்போலக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையில் கொடுக்காமல், ஊசியைத் துணியில் குத்தினார்.