சங்கம் இல்லாத ஏட்டம்மா

மறியல் பந்தோபஸ்து என்றால் மாரிக்கனி ஏட்டம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். கோஷம் போட்டுத் தொண்டை வறண்டு நாங்கள் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருப்போம். ஒன்றை அவரிடம் நீட்டினால் தலையை ஆட்டிவிடுவார். "குடிச்சா ஒதுங்க எடம் வேணும்லா டீச்சர்? ஆபீஸ் கக்கூசப் பூட்டி வச்சிருக்காவ. ரோட்டுலயா போக முடியும்?" என்று சிரிப்பார். இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எப்படித்தான் முடிகிறதோ!

நான் ராஜபாளையத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். ஆசிரியர் சங்கத்தில் இருப்பதால் மறியலும் கைதும் எனக்குப் புதிதில்லை. மாரிக்கனியும் அப்படிப் பழக்கமானவர்தான். ஊர் சோழபுரம், வீட்டுக்காரர் பட்டாளத்தில். நல்ல உயரம், தொப்பிக்குள் அடங்காத கொண்டை. ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, பெண்கள் மறியல் என்றால் அவரைத்தான் அனுப்புவார்கள். ஆளைத் தூக்குவதில் அவ்வளவு பக்குவம்.

சட்டைப் பையில் எப்போதும் ஊக்கு வைத்திருப்பார். ரோட்டில் உட்கார்ந்திருக்கும் டீச்சர் பக்கத்தில் குந்தி, முந்தானைக்கும் மடிப்புக்கும் ஊக்குப் போட்டுவிட்டுத்தான் மேலே கை வைப்பார். "செத்த பொறுங்க டீச்சர், பேப்பர்காரன் போட்டோ எடுக்கான். சேல வெலகுனா எனக்குத்தான் அசிங்கம். ம், இப்பக் கத்திக்கிட்டே வாங்க" என்று வேனில் ஏற்றுவார். அவர் கையால் கைதாக வேண்டும் என்றே எங்களில் பலர் அவர் நிற்கிற பக்கமாகப் போய் உட்காருவார்கள்.

கல்யாண மண்டபத்தில் எங்களை அடைத்து வைத்தால் வாசலில் காவலும் அவரே. நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். "டீச்சருக முன்னால ஒக்காந்தா கால் கூசுது" என்பார். நின்றபடியே என்னிடம் மகளின் கணக்குச் சந்தேகத்தைக் கேட்பார். "வகுத்தல்ல கோட்ட விடுதா டீச்சர். மீதி வந்தா அத என்ன செய்ய?" நான் தரையில் உட்கார்ந்து சாக்பீஸ் இல்லாமல் விரலால் எழுதிக் காட்டுவேன். கைதிக்கும் காவலுக்கும் இப்படி ஒரு பாடம் வேறெங்கே நடக்கும்!

போன மாதம் பழைய ஓய்வூதியம் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் மறியல். வழக்கம்போலப் பிடித்து மண்டபத்தில் போட்டார்கள். சாப்பாடு வர நேரமாகிவிட்டது. சர்க்கரை நோய்க்காரரான செல்வலட்சுமி டீச்சருக்குச் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டிக் கை நடுங்க ஆரம்பித்தது. மாரிக்கனி யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பின்கதவைத் திறந்து அவரைத் தோளில் தாங்கி, எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய்ப் பால்கோவா வாங்கி ஊட்டிவிட்டுக் கூட்டிவந்தார்.

திரும்பி வந்தால் இன்ஸ்பெக்டர் நடு மண்டபத்தில் நிற்கிறார். மாரிக்கனியைவிட வயதில் சின்னவர்.

"ஏட்டி, காவலுக்குப் போட்டா இவளுகளக் கடைக்குக் கூட்டிட்டு அலையுதியா? அறிவுகெட்ட நாயே! யூனிபாரத்தக் கழத்திப் போட்டுட்டுப் போடி!"

'இவளுக' என்றது எங்களை. அதுகூட உறைக்கவில்லை, பாடம் நடத்தாமல் கூத்தடிக்கிறார்கள் என்று ஊரே எங்களைப் பேசிப் பழகிவிட்டது. ஆனால் ஒரு உயிரைக் காப்பாற்றிய பெண்ணை, அத்தனை பேர் முன்னால், நாயே என்றா! மாரிக்கனி விறைப்பாக நின்று, "சரிங்கய்யா" என்றார். சரியாம்!

எங்கள் சங்கத் தலைவி மகாலட்சுமி டீச்சர் எழுந்தார். ஓய்வுபெறப் போகிற வயது. "சார், என்ன வார்த்த பேசுதிய? அந்தப் பிள்ளைட்ட மன்னிப்புக் கேளுங்க."

"ஒங்க சோலியப் பாருங்க. எல்லாரையும் விட்டாச்சு, கெளம்புங்க" என்றார் அவர்.

டீச்சர் கிளம்பவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். "மன்னிப்புக் கேள்! மன்னிப்புக் கேள்!" என்று மண்டபமே அதிர்ந்தது.

மாரிக்கனி கும்பிட்ட கையோடு எங்களிடம் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "எந்திரிச்சிப் போயிருங்க டீச்சர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீ பயப்படாத. ஒங்க சங்கத்துல ஒரு புகார் மட்டும் குடு, நாங்க கூட நிக்கோம்" என்றேன்.

"எங்களுக்கு ஏது டீச்சர் சங்கம்? சங்கம்னு வாயெடுத்தாலே வேல போயிரும். நீங்க கத்திட்டு நாளைக்குப் பள்ளிக்கூடம் போயிருவிய. நான் விடிஞ்சா அவியளுக்குத்தான் சல்யூட் அடிக்கணும். ஒங்களத் தூண்டிவிட்டதே நாந்தாம்னு நெனப்பாவ. தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திட்டா எம்பிள்ளையள ஆரு பாப்பா?"

அடக் கொடுமையே! வருஷக்கணக்காக உரிமை உரிமை என்று கத்துகிறோம். எங்களைக் கட்டிக் காக்கிறவளுக்கு வாய் திறக்கவே உரிமை இல்லையாம்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார். "மாரிக்கனி! அந்தத் தலைவியம்மாளத் தூக்கி வெளிய விடு. வேற யாரும் போகாதிய, அவளே தூக்கட்டும்."

தனக்காக உட்கார்ந்தவரைத் தன் கையாலேயே தூக்கி வெளியே விட வேண்டும்! இப்படியும் ஒரு தண்டனை ஒரு மனுஷனுக்குத் தோன்றுமா? மாரிக்கனி அசையாமல் நின்றார். மகாலட்சுமி டீச்சர் அந்த முகத்தையே பார்த்தார். பிறகு, "தூக்கு தாயி. ஒன் வேலைக்கு ஒண்ணும் வந்துறக் கூடாது" என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

மாரிக்கனி குனிந்து அவரைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினார். டீச்சரின் செருப்பை எடுத்துக்கொண்டு நான் முன்னால் ஓடி வாசலில் நின்றேன். உள்ளே எங்கள் ஆட்கள் விடவில்லை. "மன்னிப்புக் கேள்! மன்னிப்புக் கேள்!" இன்ஸ்பெக்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாரிக்கனி வாசலை நோக்கி நடந்து வந்தார். அவர் முகம் எனக்குத்தான் தெரிந்தது. பின்னால் கோஷம் எழும்பும்போதெல்லாம், துளிச் சத்தமில்லாமல், அவர் உதடும் அதையே சொல்லிக்கொண்டு வந்தது.