மருந்துக்கடையைச் சுற்றிக்கொண்டு போனவள்

போன வருடம் ஐப்பசி மழையில் நடந்தது இது. கொடைக்கானலில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எட்டாவது படிக்கும் என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. காலை ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படித் தவறாமல் கொடுத்ததில் இரண்டு வருடமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை.

அந்த மாத்திரையைத் தெருமுனை மருந்துக்கடை அக்காதான் ஆறு வருடமாக வரவழைத்துத் தந்தார். அந்தக் கடையில் அது வேறு யாருக்கும் போகாது. எங்களுக்காகவே திண்டுக்கல்லில் சொல்லி வைப்பார். பிறகு என் கணவர் வேலை பார்க்கும் ஓட்டலில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்தார்கள். டாக்டர் சீட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும், மாத்திரை கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும், கைக்காசு போட வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அதோடு விட்டேனா? கடை வாசலைக் கடக்கக் கூச்சப்பட்டு, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் படிகளில் மூச்சு வாங்க ஏறிப் பள்ளிக்குப் போனேன். எட்டு மாதம் அப்படி ஏறியதில் முட்டி வலி வந்ததுதான் மிச்சம்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மண் சரிந்து, மரங்கள் விழுந்து, வத்தலக்குண்டு பாதையை அடைத்துவிட்டார்கள். பழனி ரோட்டிலும் அதே கதை. வீட்டில் இருந்தது இரண்டே மாத்திரை. அன்று இரவுக்கு ஒன்று, மறுநாள் காலைக்கு ஒன்று. கூரியர் வரவில்லை. காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் ரொம்ப மரியாதையாக, "பார்சல் வத்தலக்குண்டு வந்தாச்சு மேடம், பக்கத்துலதான் இருக்கு" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது, மலைக்குக் கீழே இருந்து பார்த்தால் பக்கம்தான்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள், "ம்மா, பாதி பாதியாப் பிச்சுப் போட்டுக்கவா?" என்றாள். அதற்குப் பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். அரசு மருத்துவமனையிலும் அந்த மருந்து கையிருப்பில் இல்லை. கடைசியில், வேறு போக்கில்லாமல் அக்கா கடை முன்னால் போய் நின்றேன். அங்கேயும் இருக்காது என்றுதான் நினைத்தேன். நாங்களே வாங்காதபோது யாருக்காக வாங்கி வைக்கப் போகிறார்?

"வாம்மா, பாப்பாவுக்கு மாத்திரைதானே? ரோட்டுல மரம் கெடக்குன்னு சொன்னப்பவே நெனச்சேன், நீ வருவேன்னு."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டப்பா ஒன்றை இறக்கினார். உள்ளே அதே மாத்திரை, முழுசாக ஒரு அட்டை. திருப்பித் தேதியைப் பார்த்தேன். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

"நாங்கதான் வாங்குறதில்லையேக்கா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே காசை எடுத்து நீட்டினேன்.

"அதுக்கென்ன? தேதி நெருங்குனா திருப்பி அனுப்பிட்டு வேற ஒண்ணு வாங்கி வச்சுக்குவேன். மழைக்காலத்துல ரோடு எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்? ஓட்டல்ல இன்சூரன்ஸ் போட்டது எனக்கு அன்னைக்கே தெரியும்மா. சும்மா கெடைக்கிறத விட்டுட்டு இங்க வந்து காசு குடுப்பாங்களா? நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்."

காசை வாங்கிப் போட்டுக்கொண்டே சிரித்தார். "நீ சர்ச்சுப் படியில ஏறிப் போறத இங்க இருந்தே தெனமும் பாப்பேன். பாப்பா எப்படி இருக்குன்னு கேக்கத் தோணும். கூப்பிட்டா சங்கடப்படுவியேன்னு விட்டுருவேன். சரி, நின்னு அழுதுக்கிட்டிருக்காத, வெரசா வீட்டுக்குப் போ."

பார்சல் நான்காம் நாள் வந்தது. அதற்குள் மகள் ஒரு வேளையும் தவறாமல் மாத்திரை போட்டு, ஒன்றும் ஆகாமல், வழக்கம்போல் வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் மாத்திரை காப்பீட்டில்தான் வருகிறது. அதை விட்டுவிட எங்களுக்கு வசதியில்லை, அக்காவும் விடச் சொல்ல மாட்டார். மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு அட்டை அவரிடம் காசு கொடுத்து வாங்கி வைக்கிறேன். பள்ளிக்கும் கடை வாசல் வழியாகத்தான் போகிறேன். அவர் முகத்தில் விழிக்கக் கூசி நான் ஒளிந்து திரிந்த எட்டு மாதமும், அவர் என் மகளுக்காக ஒரு அட்டை மாத்திரையைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைவிட அதிகமாகத் தைரியமாகவும் இருக்கிறது.