பென்ஷனையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தவர்

“இனிஷியல் பேருக்கு முன்னால இருக்குதுங்களா, பின்னால இருக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டுகிறார் வசந்தாமணி. ஆதார் அட்டையை வாங்குவதற்கு முன், எதிரில் நிற்பவரின் தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை அந்தக் கை ஒருமுறை தட்டிவிடும். குமாரபாளையத்துக்கு வெளியே இருக்கும் அந்த நூல் மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எல்லோருமே நரைத்த தலையோடுதான் வருவார்கள். டைம் ஆபீஸ் சன்னலைத் தாண்டினால் பாதிப் பேருக்கு வயது குறைந்துவிடும்.

டைம் ஆபீஸ் கிளார்க்கான அவருக்கு வயது நாற்பத்தாறு. வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு என்று வேலை பல இருந்தாலும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பி.எஃப்.தான். வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பிடித்தப் பணத்தை எடுத்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. யாருடைய பெயரில் எந்த எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்பது மனப்பாடம். ஒரு ரூபாய் வாங்கமாட்டார். ரொம்பவும் வற்புறுத்தினால் அரைப்படி நிலக்கடலை. அதையும் மறுநாள் வறுத்துக் கொண்டுவந்து ஷிப்டுக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார். “உங்க காசுங்க. அங்க கெடந்து குட்டியா போடுது?” என்பார்.

சென்ற ஆவணியில் பாப்பாயி வந்தார். இருவருக்கும் பழைய மில்லிலிருந்தே பழக்கம். அந்த மில்லை மூடிய பிறகு ஒருவர் பின் ஒருவராக இங்கே வந்து சேர்ந்தவர்கள். பாப்பாயிக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது.

“அங்க எட்டு வருசம், இங்க ஏழு வருசம். பென்ஷனுக்குப் பத்து இருந்தாப் போதுமாம் அம்மிணி. மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம் வருமுன்னாங்க. மருமவ கையைப் பாக்க வேண்டியதில்ல பாரு.”

“ஆமாங்க அக்கா, இதா இப்பவே போட்டுடறேன்” என்று கணக்கைத் திறந்தார் வசந்தாமணி. திரையில் ஏழு வருடம்தான் இருந்தது. பழைய கணக்கை இதோடு சேர்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அதையும் திறந்தார். பி.எஃப். பணம் எடுத்தாயிற்று. அதற்கடியில் பென்ஷன் பங்கு, நாற்பத்தொன்பதாயிரம், அதுவும் எடுத்தாயிற்று. பழைய மில்லின் எட்டு வருடம் அந்தப் பணத்தோடு போய்விட்டிருந்தது.

அவருக்கு நினைவு வந்துவிட்டது. பழைய மில் மூடிய வாரம் வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஒரே நாளில் நாற்பத்துமூன்று பேருக்குப் படிவம் நிரப்பியவர் அவர்தான். பென்ஷன் பங்கைக் கையில் வாங்கிக்கொள்கிறீர்களா, அல்லது அடுத்த வேலையோடு சேர்க்கச் சான்றிதழாக வைத்துக்கொள்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. யாரையும் கேட்காமல், எல்லோருக்கும் வாங்கிக்கொள்வதாகவே டிக் போட்டிருந்தார். நாற்பத்துமூன்று பேரும் அன்று அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

“என்ன அம்மிணி, மொகம் இப்படிப் போவுது?”

“சர்வர் வேலை செய்யலீங்க அக்கா. ரெண்டு நாள் கழிச்சு வாங்க.”

பொய் சொல்லிவிட்டு மறுநாள் லீவு போட்டுச் சேலம் பி.எஃப். ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்தவர் பொறுமையாகவே பதில் சொன்னார்.

“எடுத்த சர்வீஸ் எடுத்ததுதாங்க. திருப்பிக் கட்டறதுக்கு விதியில எடமில்ல. இந்த ஏழு வருசத்துக்கு மொத்தமா ஒரு தொகை வரும், அவ்வளவுதான்.”

“அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். நாந்தான் டிக் அடிச்சேன்.”

“கையெழுத்து அவங்களோடதுதானுங்களே?”

திரும்பும் வழியில் சங்ககிரி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பஸ் பவானிப் பாலத்தில் ஏறியபோதுதான் தன் ஊர் தாண்டிவிட்டது என்று எழுந்தார்.

அன்று சாயங்காலமே பாப்பாயி வீட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். பாப்பாயி கத்தவில்லை.

“மவ கல்யாணத்துக்குன்னுதான் அந்தக் காசை வாங்குனேன்” என்றார். “அன்னிக்கு எம்பட பட்டியில ஒம்பது ஆடு நின்னுச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா அதைய வித்திருப்பனே வசந்தா.”

அம்மிணி என்று கூப்பிடுகிறவர் பேரைச் சொன்னதுதான் வசந்தாமணியை உலுக்கிவிட்டது. “எனக்கே தெரியாமப் போச்சுங்க அக்கா” என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தெரியாது என்பது உண்மையில்லை. படித்துப் பார்க்க நேரமில்லை என்று அன்றைக்கு விட்டதுதான் உண்மை.

பாப்பாயி இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை. ஏழு வருடத்துக்கான மொத்தத் தொகை அவர் கணக்கில் ஏறிவிட்டது. மற்ற நாற்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் எந்த மில்லில் இருக்கிறார்கள், யாருக்கு இன்னும் பத்து வருடம் சேர்க்க வயதிருக்கிறது என்று வசந்தாமணி ஒவ்வொருவராகப் போனில் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிலர் திட்டுகிறார்கள். சிலருக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை.

போன வாரம் நந்தகுமார் என்கிற முப்பது வயதுக்காரர் சன்னலுக்கு வந்தார். இரண்டு மாதம் முன்பு வேலையை விட்டவர். ஆறு வருட சர்வீஸ். பைக் வாங்க வேண்டுமாம். வீட்டிலேயே செல்போனில் எல்லாவற்றையும் நிரப்பி, பி.எஃப்., பென்ஷன் இரண்டுக்கும் கோரிக்கை போட்டு, கடைசிப் படி சரியா என்று காட்ட வந்திருந்தார்.

“ஓடிபி வந்துருச்சுங்க அக்கா. அடிச்சுடட்டுங்களா? எட்டு, ரெண்டு...”

வசந்தாமணி கம்பிக்கு வெளியே கையை நீட்டி, அந்தச் செல்போன் திரையை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டார்.