ஆறு வருசம் பாஸான காது

மில்லில் வருசா வருசம் காது டெஸ்ட் வைப்பார்கள். ஆறு வருசம் நான் அதில் பாஸ். அந்த ஆறு வருசத்தில்தான் என் வலது காது போனது.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு நூல் மில். பெயர் வேண்டாம். இப்போது நான் அங்கே இல்லை, அதனால் எழுதுகிறேன். இருந்தபோது எழுதுகிற தைரியம் இல்லை.

நூல் ஓட்டுகிற ஹாலில் எனக்கு சைடு பார்க்கிற வேலை. மிசின் பக்கத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இழை அறுந்தால் பிடித்து ஒட்ட வேண்டும். அம்புட்டுதான். எட்டு மணி நேரம். என் சைடு கடைசி. வலது பக்கம், ஹாலுக்குக் காத்து இழுக்கிற பெரிய மோட்டார். சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். தகரத்தில் மழை கொட்டுகிற மாதிரி என்று ஒருத்தி சொல்வாள். பொய். மழை விடும்.

அங்கே வாயால் பேச முடியாது. கைதான். நெற்றியில் விரல் வைத்தால் சூப்பர்வைசர் வருகிறார். மணிக்கட்டைத் தட்டினால் டீ. வயிற்றைத் தொட்டால் இன்றைக்கு முடியவில்லை, என் சைடையும் கொஞ்சம் பார்த்துக்கொள். புதிதாக வந்த ஒரு மேனேஜர் இதைப் பார்த்துவிட்டு, "என்ன ஒரு ஒற்றுமை" என்றாராம். படித்தவர்.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரி ஒருத்தி காதில் கிண்ணம் மாதிரி இரண்டை மாட்டிக்கொண்டு சிரிப்பாள். உங்கள் காதைப் பாதுகாப்பது எங்கள் கடமை என்று கீழே இருக்கும். எங்கள் ஹாலில் பத்திரமாக இருந்த காது அவளுடையது மட்டும்தான்.

எங்களுக்கும் காதடைப்பான் உண்டு. ஆரஞ்சு ரப்பர், கயிறு வைத்தது. நூல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் பார்க்க வருகிற அன்று காலையில், கோயிலில் விபூதி கொடுப்பது மாதிரி தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் அதே தட்டில் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அடுத்த தடவை யார் காதில் இருந்தது யார் காதுக்கு வரும் என்று தெரியாது. நான் காதில் வைக்க மாட்டேன், கழுத்தில் தொங்கவிடுவேன். வந்தவர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மற்ற நாளில் கழிவுப் பஞ்சைத் திரித்து அடைத்துக்கொள்வோம். அதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

டெஸ்ட் எடுக்க ஒரு ஆள் பெட்டியோடு வருவார். முப்பது வயசு இருக்கும். கேன்டீன் பக்கத்து அறையில் உட்காருவார். அந்த அறைக்குள்ளேயே மிசின் சத்தம் கேட்கும். அங்கே வைத்துத்தான் காது டெஸ்ட். ஹெட்போன் மாதிரி ஒரு மாட்டியை நம் காதில் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, எதிரே உட்காருவார். அவர் பெட்டியில் ஒரு கட்டையைக் கட்டைவிரலால் அமுக்கும்போது நம் காதில் கீ என்று கேட்க வேண்டும். கேட்டால் நாம் பட்டனை அமுக்க வேண்டும். பெட்டிக்கு மறைப்பு கிடையாது. விரல் இறங்குவது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

டெஸ்ட் ஆரம்பித்த முதல் வருசம் ஒரு பெண் உள்ளதை உள்ளபடி செய்தாள். கேட்டதற்கு அமுக்கினாள், கேட்காததற்கு அமுக்கவில்லை. "வீட்டுல ரெஸ்ட் எடும்மா, கூப்புடுறோம்" என்றார்கள். கூப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் மில்லில் யாருக்கும் காது கெடவில்லை.

எனக்கு வழி சொன்னவள் பக்கத்து சைடுக்காரி. கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள், என்னைவிட ஏழெட்டு வயசு இளையவள்.

"அக்கா, காதக் குடுத்துக்கிட்டு உக்காராதீங்க. அந்தாளு கட்டவெரலப் பாருங்க. எறங்குனா அமுக்குங்க. முடிஞ்சு போச்சு."

முடிந்துதான் போச்சு. டெஸ்ட் எடுத்தவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். மத்தியானத்துக்குள் எல்லாரையும் முடித்துவிட்டுப் போக வேண்டும் அவருக்கு. நாங்கள் ஏமாற்றினோம், அவர் ஏமாறுகிற வேலைக்குச் சம்பளம் வாங்கினார். ரெண்டு பக்கமும் கேவலம்.

என் வீட்டுக்காரர் மெதுவாகப் பேசுகிற ஆள். ஒரு கட்டத்தில் பேச்சையே நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். எதற்கோ கோபம் போல. சரி, வீம்பு பண்ணினால் பண்ணட்டும் என்று நானும் பேசவில்லை. நாலு மாசம் போனது. அவர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்புறம் போன். பேசினால் சத்தமே வரவில்லை. திருமயத்தில் வாங்கின கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"நல்லா இருந்தா நான் ஏன் பஸ்ஸேறி வாரேன்? ஓட்டப் போனக் குடுத்துட்டு நல்லா இருக்குங்கிறீங்க."

கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர் போனை என் இடது காதில் வைத்தார். போன் பேசியது. வலது காதுக்கு மாற்றினார். செத்துப்போனது. அவர் சிரிக்கவில்லை. "டாக்டரப் பாருங்க" என்றார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வந்துவிட்டேன்.

புதுக்கோட்டையில் காது டாக்டரிடம் போனேன். அங்கேயும் டெஸ்ட். கனத்த கதவு போட்ட சின்ன அறை. நாற்காலி சுவரைப் பார்த்து இருந்தது. பெட்டியும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். ஆறு வருசமாக நான் எழுதிய பரீட்சை இது இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்.

"ரெண்டு காதும் கெட்டிருக்கும்மா. வலதுல பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. போனது திரும்பாது. இடதாவது வேணும்னா அந்த ஹால விட்டு வெளிய வந்துருங்க."

சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மில்லில் சத்தமில்லாத இடம் ஒன்று உண்டு. பேக்கிங். நூல் சுற்றின கோன்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. சீட்டைக் கொண்டுபோய் லேபர் ஆபீசரிடம் கொடுத்து, பேக்கிங்குக்கு மாற்றுங்கள் என்றேன். அவர் சீட்டைப் படிக்கவில்லை. பீரோவிலிருந்து பைலை எடுத்தார்.

"ஏம்மா, ஆறு வருசமா நார்மல். இந்தா, நீயே அமுக்கியிருக்க. இதுல எதை நம்புறது?"

"டாக்டர் சீட்ட நம்புங்க சார்."

"வெளிச் சீட்டு இங்க செல்லாது. அடுத்த வாரம் நம்ம டெஸ்ட் வருதுல்ல, பாப்போம். அப்படியே கெட்டிருந்தாலும் வயசானா காது மந்தமாகுறது சகஜந்தானே."

எனக்கு நாற்பத்திமூணு. அவருக்கு அம்பதுக்கு மேல். அவருக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. ஏசி ரூம்.

விசயம் எப்படியோ பரவியது. பக்கத்து சைடுக்காரி கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒழுங்கா அமுக்கிட்டு வந்துருங்க. நீங்க ஒருத்தி பெயிலானா எங்க எல்லாரையும் தோண்டுவாங்க."

"எங்காது போகுதுடி."

"யாருக்குத்தான் போகலை? நாங்கள்லாம் வாய மூடிக்கிட்டு இல்ல?"

டெஸ்ட் அன்று மாட்டியை மாட்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். இடது காதில் தூரத்தில் எங்கேயோ ரெண்டு மூணு கீ. அமுக்கினேன். மற்றதெல்லாம் இருட்டு. கொஞ்ச நேரத்தில் மேசை அதிர்ந்தது. கண்ணைத் திறந்தேன். அந்த ஆள் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா?"

"முழிச்சுத்தான் இருக்கேன். கேக்கலை."

"போன வருசம் எல்லாம் கேட்டுச்சே?"

"போன வருசம் கண்ணத் தொறந்து வெச்சிருந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. ஆபீசரைக் கூப்பிட்டார். ஆபீசர் வந்து பேப்பரைப் பார்த்தார்.

"பேக்கிங் வேணும்னா நேரடியாக் கேளு. இந்த நடிப்பெல்லாம் வேணாம்."

"நேராத்தான் கேட்டேன். நீங்க பைலக் காட்டுனீங்க."

"ஒரே வருசத்துல ஒருத்திக்குக் காது இப்புடிப் போகுமா?"

காது கேட்காதபோது கேட்கிறது என்றேன், நம்பினார்கள். கேட்கவில்லை என்றேன், நடிப்பாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"தம்பி, அந்த மாட்டியோட ஒயரப் பெட்டியிலேர்ந்து புடுங்குங்க. புடுங்கிட்டு டெஸ்ட் வைங்க."

அவர் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். "புடுங்குப்பா, என்னதான் பண்ணுறான்னு பாப்போம்" என்றார்.

ஒயர் தரையில் கிடந்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். விரல் இறங்கியது, அமுக்கினேன். எழுந்தது, விட்டேன். வலது காது முடித்து இடது காது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த ஆள் பழக்கதோசத்தில் பேப்பரில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் நானே அதை வாங்கி ஆபீசர் கையில் கொடுத்தேன். நார்மல்.

வாசலில் வரிசையில் நின்ற ஒருத்தி சிரித்துவிட்டாள். ஆபீசர் கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயும் சொல்லாத. திங்கக்கிழமையிலேர்ந்து பேக்கிங்குக்கு வந்துரு."

"பேப்பர்ல உள்ளத எழுதுங்க சார்."

"ஒனக்கு எழுதுனா எல்லாருக்கும் திரும்ப எடுக்கணும். எடுத்தா பாதி ஹாலு வீட்டுக்குப் போகும். ஒன் ஜனந்தான். யோசிச்சுக்க."

அன்பாகத்தான் சொன்னார். திருடன் அன்பாகப் பேசினால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் டாக்டர் சொன்னதும் ஞாபகம் வந்தது. இடதாவது வேண்டும். சரி என்றேன். ஒயர் இல்லாமல் எடுத்த அந்தப் பேப்பரே பைலுக்குப் போனது.

பேக்கிங்கில் முதல் வாரம் ட்யூப் லைட் இரைகிறது என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். மாற்றினார். இரைந்தது. அணைத்தார். இரைந்தது. லைட் இல்லை, என் காது. ஹால் சத்தத்தில் இத்தனை நாள் அது தெரியவில்லை. பழகிக்கொண்டேன். மேஸ்திரி இடது பக்கம் வந்து பேசுவார். நல்ல மனுசன். வீட்டிலும் இடது பக்கம் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் பேசுவது விளங்கியது. மில்லில் டெஸ்ட் பெட்டிக்கு மட்டும் அட்டையை வெட்டி மறைப்பு வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டெஸ்ட் வந்தபோது அவர்கள் அந்த ஆளின் தோளைப் பார்த்து அமுக்கினார்களாம்.

மூணு மாசம் கழித்து ஒரு டீ நேரத்தில் பக்கத்து சைடுக்காரி வந்தாள். அதுவரை என்னோடு பேசாமல் இருந்தவள். வலது பக்கம் நின்று என்னமோ சொன்னாள். இங்கிட்டு வா என்று கையைக் காட்டினேன்.

"அக்கா, எம்புள்ள பேசுறது வெளங்க மாட்டேங்குது. வாயப் பாத்தாத்தான் புரியுது. எனக்கும் பேக்கிங் வாங்கிக் குடுங்க."

"வாங்கிக் குடுக்க நான் என்ன மொதலாளியா?"

"ஒங்களுக்குக் குடுத்தாங்கல்ல."

"எனக்குக் குடுத்தது வாயடைக்க. ஒனக்கு எதுக்குக் குடுப்பான்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் போடி என்றிருப்பேன். டீ நேரம் முடிகிற மணி அடித்தது. நகரவில்லை. மற்றவர்கள் போவதைப் பார்த்துத்தான் நேரமாகிவிட்டது என்று தெரிந்தது அவளுக்கு.

"சாயந்தரம் ஆபீஸுக்கு வா. கூட நின்னு சொல்றேன்" என்றேன்.

வந்தாள். ரெண்டு பேரும் ஆபீசர் முன்னால் நின்றோம். நான் சொன்னேன். இவளுக்கும் போய்விட்டது, விரலைப் பார்த்து அமுக்கியவள்தான், என்னை மாதிரி. ஆபீசர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்தார்.

"ஒனக்குக் காது கேக்குதா, கேக்கலையா? கேக்கலைன்னா சொல்லு, இன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிருறேன்."

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் கேக்குது சார்" என்றாள்.

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மூணு மாசம் முந்தி நான் சொன்ன சரியும் இதே சரக்குதான்.

"பேக்கிங் குடுத்ததுக்கு இதுதான் நன்றியா?" என்றார் ஆபீசர்.

நன்றி வேறு வேண்டுமாம். மேசையில் இருந்த பேப்பரையும் பேனாவையும் எடுத்தேன். எட்டாவது வரை படித்த கையெழுத்து. எனக்கு வலது காது கேட்காது, இந்த மில்லில் போனது, பைலில் இருக்கிற பேப்பர் ஒயரைப் புடுங்கிவிட்டு எடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிகாலை மில் பஸ்ஸுக்கு ரோட்டில் நின்றேன். வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் நிற்கவில்லை. ஓரமாப் போ என்கிற மாதிரி டிரைவர் ஹாரன் அடித்தார். கேட்டது.