முசியே எமிலுக்கு ஆறு பேர்

மார்ச் மாதத்துத் தார்ச்சாலை குளிரில் உள்ளங்காலை அப்படிக் கடிக்கும் என்று காரைக்காலில் பிறந்தவனுக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் மார்ச்சில் செருப்பில்லாமல் ரோட்டில் இறங்கினால் கொப்புளம்தான் வரும். தெற்கு பிரான்சில் ஒரு சின்ன ஊரில், தோளில் சவப்பெட்டியோடு வெறுங்காலில் நடந்த அந்த ஒரு கிலோமீட்டரை நினைத்தால்... இன்றும் கால் கூசுகிறது.

என் மனைவி ஸ்டெல்லா இதைப் படித்தால், "மறுபடியும் அந்தக் கதையா?" என்பாள். ஆமாம், அதே கதைதான். ஆனால் இந்தத் தடவை சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

காலேஜ் இரண்டாம் வருஷம். எங்கள் பங்கு மாணவர் இயக்கத்திலிருந்து பன்னிரண்டு பேர், கூட லாரன்ஸ் சாமியார். பிரான்சுக்கு மூன்று வாரப் பயணம். பகலில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் வேலை, சாயங்காலம் கலை நிகழ்ச்சி. கோலாட்டமும் சிலம்பமும் மூன்று மாதம் கோயில் வளாகத்தில் பழகியிருந்தோம். ஜெரால்டு சிலம்பம் சுற்றுகிறேன் என்று டியூப் லைட்டை உடைத்து வாங்கிய திட்டும் அந்தக் கணக்கில்தான்.

எனக்குக் கிடைத்த வேலை, முசியே எமிலுக்கு ஷேவ் பண்ணிவிடுவது. முசியே என்றால் நம் ஊர் ஐயா மாதிரி. எமிலுக்கு எண்பத்தெட்டு வயது. ரயில்வேயில் இருந்தவர். கல்யாணம் கிடையாது. நாங்கள் இருந்தவரை அவரைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. நான் பேசிய பிரெஞ்சு அவருக்குப் புரியாது, அதனால் நடுவில், எங்கள் கூட்டத்தில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த மிஷேல். மிஷேலின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா என்று பெயர், அவன் வீட்டை இன்றும் சொல்தா வீடு என்றுதான் தெருவில் சொல்வார்கள்.

ஒருநாள் கன்னமெல்லாம் நுரையோடு கேட்டார், உங்கள் ஊரில் ஒருவர் செத்தால் எப்படி எடுத்துப் போவீர்கள் என்று. காலங்காத்தாலே என்ன கேள்வி இது என்று முழித்தேன். பிறகு சொன்னேன். ஆறு பேர் தோளில் சுமந்து கல்லறைத் தோட்டம் வரை நடப்போம், பங்கில் யார் இறந்தாலும் பையன்கள் போய் நின்றுவிடுவோம் என்று. அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் பதிலுக்குச் சொன்னதை மிஷேல் தயங்கித் தயங்கித்தான் தமிழில் சொன்னான்.

"எனக்கு ஆறு பேரத் தெரியாதேங்கறாருடா."

நான் மிச்ச ஷேவை முடித்தேன். வேறென்ன செய்ய...

நாலு நாள் கழித்துத் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்க ஏற்பாடுகளைச் செய்யும் ஆள் கறுப்பு வண்டியோடு வருவார், பெட்டியைச் சக்கர ஸ்டாண்டில் தள்ளுவார்கள், கூட இரண்டு சிஸ்டர்கள் போவார்கள், அவ்வளவுதான் என்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. நேரே சாமியாரிடம் போனேன்.

"நாங்க தூக்குறோம் ஃபாதர்."

"அவங்க ஊரு வழக்கம் வேறப்பா. வந்த எடத்துல நாம குறுக்க பூந்த மாதிரி ஆயிடக் கூடாது."

"ஆறு பேரத் தெரியாதுன்னாரு ஃபாதர். நாங்க ஆறு பையனுங்க இருக்கோம்ல."

சாமியார் எழுந்தார். இல்லத்துத் தலைவியான மதரின் அறைக்குப் போனார். மதர் சரி என்றுவிட்டார். வண்டிக்காரர்தான் பயந்தார். பெட்டி விழுந்தால் என்ன செய்வது, முன்னே பின்னே தூக்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். மிஷேல் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினான்.

"பதினாறு வயசுலேருந்து தூக்குறோம்னுட்டேன்." பொய் இல்லையே.

உயரம் பார்த்து ஜோடி சேர்ந்தோம். குள்ளன் ஜெரால்டுக்கு மட்டும் தோளில் இரண்டு துண்டை மடித்து வைத்தோம். கோயில் வாசலில் பெட்டிக்குக் கை கொடுக்கும் முன், யாரும் யாரிடமும் சொல்லாமலே ஆறு பேரும் ஷூவைக் கழற்றி ஓரமாக விட்டோம். பழக்க தோஷம். நம் ஊரில் செருப்போடு யார் தூக்குவார்கள்? தெருமுனை திரும்பிய பிறகுதான் குளிர் உறைத்தது. அப்போது நின்று திரும்ப முடியுமா? "தோள் மாத்து" என்று முன்னாலிருந்து மிஷேல் குரல் கொடுக்க, மாற்றி மாற்றி நடந்தோம். பின்னால் எங்கள் பெண்பிள்ளைகள் தமிழில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

முதலில் ஒரு ஜன்னல் திறந்தது. அப்புறம் ஒரு கதவு. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து சேர்ந்துகொண்டார். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்தேன்... முப்பது, நாற்பது பேர். பாதிப் பேருக்கு எமில் யாரென்றே தெரிந்திருக்காது.

மண் போட்டுவிட்டு வெளியே வந்தால், பேக்கரிக்காரரின் மனைவி நிற்கிறார். ரொட்டி அடுக்கும் கிரேட்டில் எங்கள் ஆறு ஜோடி ஷூ. கோயில் வாசலிலிருந்து அவரே சுமந்து வந்திருக்கிறார். சிவந்து கிடந்த எங்கள் கால்களைப் பார்த்து அழுதுவிட்டார்.

அன்று சாயங்காலம் கோலாட்டத்துக்கும் நல்ல கைதட்டல்தான். ஆனால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது காலையிலேயே.

இப்போது நம் ஊருக்கும் வண்டி வந்துவிட்டது. ஒரு போன் போட்டால் ஃப்ரீசர் பாக்ஸ், நாற்காலி, வண்டி எல்லாம் வாசலில். பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில், யாரைக் குறை சொல்ல? போன மாதம் அப்பா இறந்தபோது நானேதான் வண்டிக்குச் சொன்னேன். தூக்க வாருங்கள் என்று யாரிடம் போய் நிற்பது? எனக்கும் ஆறு பேரைத் தெரியாதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது... அந்த ஒரு நிமிஷம் அப்பாவுக்காக அழுததைவிட அதிகம் வலித்தது.

சென்னையிலிருந்து ஜெரால்டு வந்து இறங்கினான். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான்.

"இது எதுக்குடா? நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?"

அவனே போன் போட்டான். நாகப்பட்டினத்திலிருந்து ஒருவன், உள்ளூரில் இரண்டு பேர். மிஷேல் பிரான்சில் இருக்கிறான், அவன் இடத்தில் அவன் தம்பி வந்து நின்றான். எல்லோருக்கும் தொந்தி. ஜெரால்டு தோளில் அதே மாதிரி மடித்த இரண்டு துண்டு. வண்டி காலியாகப் பின்னால் வர, அப்பாவை நாங்கள் சுமந்து போனோம்.

மண் போட்டுவிட்டு வெளியே வந்தேன். தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருந்தது. கேட் ஓரமாக ஸ்டெல்லா நின்றிருந்தாள். கையில் பெரிய கட்டைப்பை. அதில் எங்கள் ஆறு ஜோடி செருப்பு.

"கால் சுடும்," என்றாள். "போட்டுக்குங்க."