சுலைஹோ குளிப்பாட்டாத ஒருத்தி

சுலைஹோ இந்த வசந்தத்தில் நிமோனியாவில் இறந்தார். நிஜமாகவே நிமோனியாதான். ஃபெர்கானா பள்ளத்தாக்கில் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டுத் தலைவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர்கள் யாரும் சாதாரண நோயில் போனதில்லை. ஒருவர் பல் பிடுங்கப் போய் இறந்தார். தண்ணீரைக் கண்டாலே பயப்படும் இன்னொருவர், உறைபனிக் காலத்தில் ஆற்றில் நீந்தி இறந்தார்.

இறந்த பெண்களைக் குளிப்பாட்டுவது சுலைஹோவின் தொழில். கல்யாண வீடுகளில் அவர் பக்கத்தில் உட்காரப் பெண்கள் தயங்குவார்கள். "பயப்படாதீங்கடி, இன்னைக்கு எனக்கு லீவு" என்று புலாவ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நல்ல இறைச்சித் துண்டெல்லாம் அவருக்கே கிடைக்கும்.

பல வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூட ஆசிரியை மஸ்தூரா தலைவருக்கு எதிராக வேட்புமனு போட்டாள். அந்த மாதமே, ஜன்னல் துடைக்கும்போது மாடியிலிருந்து தவறி விழுந்துவிட்டாள் என்று வானொலி சொன்னது. போலீஸ்காரர்களே உடலைத் தாய்வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டும் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. அதனால் மேஜர் முற்றத்தில் நின்றுகொண்டு, ஷஹ்லோ என்ற பெண் அதிகாரியை உள்ளே அனுப்பினார்.

"சீக்கிரம் முடிங்கக்கா. மேஜர் காத்துக்கிட்டிருக்காரு."

"இருக்கட்டும். ஏம்மா, நீயும் இந்த ஊர்ப் பொண்ணுதானே? வீட்டுக்குள்ள பூட்ஸ் போட்டுக்கிட்டு எவளாவது ஜன்னல் துடைப்பாளா?"

"கால் குளிர்ந்திருக்கும்."

"சரி, முதுகுல இந்த ஓட்டை?"

"துணியில பூச்சி அரிச்சிருக்கும்."

"துணியை அரிச்சு, முதுகையும் அரிச்சிருக்கே. அரசாங்கப் பூச்சி போல."

ஷஹ்லோ சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களைக் குளிப்பாட்டக் கூடாது. உடுத்திய துணியோடு, ரத்தத்தோடு அடக்கம் செய்ய வேண்டும். பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த முறை அது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலும் ஜன்னல் கதையை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"அக்கா, குளிப்பாட்டலேன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். உங்க பொண்ணு தலைநகர்ல இன்ஜினியரிங் படிக்குது. சீட்டு குடுத்ததே அரசாங்கம்தான். யோசிங்க."

சுலைஹோ யோசித்தார். குவளையைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த மஸ்தூராவின் தாயைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"நான் என்னத்தச் சொல்ல? என் பொண்ணு ஒரு நாள்கூட ஜன்னல் துடைச்சதில்ல. காலையில படுக்கையைக்கூட மடிக்க மாட்டா, சோம்பேறிக் கழுதை."

சொல்லிவிட்டுத் தாய் முகத்தை மூடிக்கொண்டாள். சுலைஹோ பூட்ஸை மட்டும் கழற்றினார். ரத்தம் காய்ந்த உடுப்பின் மேலேயே வெள்ளைத் துணியைச் சுற்றினார். ஷஹ்லோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்று மேஜர் கேட்டார்.

"முடிஞ்சுது சார்" என்றாள் ஷஹ்லோ.

இவ்வளவு சீக்கிரமா என்று அவருக்குச் சந்தோஷம். குளிப்பாட்டுவதற்காக முற்றத்தில் தண்ணீர் சுடவைத்த அண்டா அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் விளிம்புவரை நின்றது. அவள் சத்தம் வராமல் மூடியை வைத்தாள். அடுத்தவளும் வந்து திறந்து பார்த்தாள். உடல் தெருவுக்குப் போவதற்குள் பெண்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டார்கள்.

சில நாட்களில், சுகாதாரக் காரணங்களுக்காக சுலைஹோ இனி இந்தத் தொழில் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது.

"என்கிட்ட வந்தவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்லையே" என்றார் சுலைஹோ.

மகளையும் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். படிப்பை அவள் வேறு நாட்டில் முடித்தாள்; நெடுங்காலம் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. எதைப் பற்றியும் கேலி பேசும் சுலைஹோ, அதைப் பற்றி மட்டும் கடைசிவரை பேசவில்லை.